செவிவழிச் சோலை உலா

கொச்சியில், வைட்டிலா நாற்சந்தியின் வாகன இரைச்சலுக்குச் சில கிலோமீட்டர் தொலைவில், மங்களவனம் என்னும் அலையாத்திக் காடு உள்ளது. ஏறத்தாழ 2.74 ஹெக்டேர் பரப்புள்ள இது 2004-ஆம் ஆண்டில் பறவைகள் சரணாலயமாக்கப்பட்டது. இத்தகைய சோலைகளில், பதிவு செய்த ஒலியைக் காதொலிக் கருவியில் கேட்டவாறே நடப்பது ஒலி உலா எனப்படும்.

ஒரு பக்கத்திலிருந்து வரும் ஒலி, மறுபக்கக் காதை வினாடியில் 10,000-இல் ஆறு பங்கு வரை தாமதித்து அடைகிறது. தலை மறைப்பதால் சற்று மெலிந்தும் விடுகிறது. இவ்வேறுபாடுகளைக் கொண்டே மூளை திசையை அறிகிறது. எனவே, இரு காதருகிலும் சிறு ஒலிவாங்கிகளைப் பொருத்திப் பதிவு செய்தால், பறவை கூவிய திசை கேட்போருக்கும் விளங்கும்.

சாலையின் தாழ்ந்த இரைச்சல், அதனையொத்த தாழ்குரல்களை மூடிவிடும்; செவியால் கணக்கெடுப்போருக்கு அப்பறவைகள் இருந்தும் இல்லாதனவாகும். ஆதலின் பதிவுக்கு வைகறையே ஏற்றது. ஆசிரியர்கள், மாணவரை முதலில் கருவியின்றிப் பத்து நிமிடம் கேட்கச் செய்து, ஒலிகளைத் திசையுடன் குறிக்கப் பழக்குதல் நன்று.