உன் பெயர் என்ன?

பள்ளிக்கூடத்து நாடகம் என்றதும் நம் கண்முன் வருவது ஆண்டு விழா! அட்டைக் கிரீடம், ஒட்டு மீசை, வாடகைச் சட்டை, நெட்டுருப் போட்ட வசனம், தலைவர் கைதட்டல், தாளாளர் நன்றியுரை. மறுநாள் காலை வழக்கம்போல் வாய்ப்பாடு. அதோடு சரி. "நாடகமாடவா பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறோம்?" என்று கேட்கும் கனவான்களுக்குப் பதில் சொல்லும் அவசியம் நமக்கில்லை. எம்.ஆர்.ராதாவின் நாடகத்தைக் கண்டு நடுங்கி 1954-இல் சட்டமே போட்டார்களே, அவர்களின் வாரிசுகள் இவர்கள்! ஆனால் கூலியில் மிச்சம் பிடித்து மகனைப் படிக்க வைக்கிறானே பாட்டாளி, அவனும் அதே கேள்வியைக் கேட்கிறான். அவனுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். சொல்கிறோம், அயர்லாந்து வரை நம்மோடு வரட்டும்.

அயர்லாந்தின் வடக்கே ஒரு நகரம். அதன் பெயரை ஒருவன் எப்படிச் சொல்கிறான் என்பதை வைத்தே அவன் எந்தப் பக்கம் என்று கண்டுகொள்வார்கள். ஐரிஷ் தேசியவாதி 'டெர்ரி' என்பான். பிரிட்டிஷ் முடியாட்சியின் பக்கம் நிற்பவன் முன்னே லண்டனைச் சேர்த்து 'லண்டன்டெர்ரி' என்பான். 1972 ஜனவரி 30 அன்று, உரிமை கேட்டு ஊர்வலம் வந்த மக்கள்மீது அந்நகரத் தெருவில் பிரிட்டிஷ் பட்டாளம் சுட்டது. அன்றே 13 பேர் மாண்டனர். எட்டே ஆண்டுகள் கழித்து, 1980 செப்டம்பர் 23 அன்று, அதே நகரின் கில்டுஹால் மண்டபத்தில் 'டிரான்ஸ்லேஷன்ஸ்' என்ற நாடகம் அரங்கேறியது. 'மொழிபெயர்ப்புகள்' என்று பொருள். எழுதியவர் பிரையன் ஃபிரீல், முன்னாள் பள்ளி ஆசிரியர். மேடையில் என்ன இருந்தது? கோட்டையா? கொத்தளமா? இல்லை, ஒரு வகுப்பறை!

கதை நடக்கும் காலம் 1833. டொனிகால் பகுதியில் ஒரு கற்பனைச் சிற்றூர். பழைய கொட்டகையில் ஒரு 'வேலிப் பள்ளி'. கத்தோலிக்கன் பள்ளி நடத்தலாகாது என்று ஆங்கில ஆட்சி தடை போட்டிருந்த நாளில், வேலி மறைவில் பிள்ளைகளைக் கூட்டி எழுத்தறிவித்தார்கள். அதனால் வந்த பெயர். தடை போன பின்னும் பெயர் நின்றது. அந்தப் பள்ளியில் சேரா என்றொரு பெண். வாய் திக்கும், ஊரார் ஊமை என்றே எண்ணியிருந்தார்கள். மேனஸ் என்ற இளம் ஆசிரியன் அவளுக்குத் தன் பெயரைத் தானே சொல்லக் கற்றுத் தருகிறான். நாடகம் தொடங்குவதே அங்கேதான். முட்டி மோதி, மூச்சிரைத்து, அவள் தன் பெயரைச் சொல்லிவிடுகிறாள்!

பிறகு வருகிறது பட்டாளம், நிலம் அளக்க. வரைபடம் போட வந்த துரைமார் வாயில் ஐரிஷ் ஊர்ப் பெயர்கள் நுழையவில்லை. நுழையாவிட்டால் என்ன, மாற்றிவிடு! 'லிஸ் ந முக்' என்ற ஊர் 'ஸ்வைன்ஃபோர்ட்' ஆகிறது. மாற்றித் தர உடன்பட்டவன் யார்? மேனஸின் தம்பி ஓவன்! சம்பளக்காரன். துரைமார் அவனையே 'ரோலண்ட்' என்று தவறாக அழைக்கிறார்கள். நெடுநாள் அவன் திருத்துவதும் இல்லை. ஊர்ப் பெயரை விற்கத் துணிந்தவன் தன் பெயருக்கா அழப்போகிறான்!

வரைபடம் நமக்கு அந்நியமன்று, தோழர்களே! 1802-இல் நம் பரங்கிமலை அடிவாரத்தில் லாம்டன் அடித்தளக்கோடு அளந்தான். அவனுக்குப் பின் அந்த வேலைக்குத் தலைவனான எவரெஸ்ட், 1829-இல் அயர்லாந்து சென்று, அங்கே அளப்பதற்கென்று கோல்பி செய்த அளவுகோலைப் பார்த்து, அதே வகைக் கோலை இந்தியாவுக்குக் கொண்டுவந்தான். அங்கும் இங்கும் ஒரே கோல்! இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அந்த அளவைப் படை ஊரை மிரட்டிய படையல்ல, ஃபிரீல் மிகைப்படுத்திவிட்டார் என்று வரலாற்றாசிரியர்கள் ஆட்சேபித்தார்கள். பெயர்களை ஆராய்ந்த ஜான் ஓடொனவன் ஐரிஷ் மொழியின் பேரறிஞர். பழைய வடிவங்களைப் பதிந்து காத்தவர். ஆட்சேபம் நியாயமானதே. ஆனால் பெயர் போனது பொய்யில்லையே!

கடைசியில் ஒரு துரை காணாமற் போகிறான். கேப்டன் லான்சி வந்து நிற்கிறான். ஆளைக் காட்டாவிட்டால் ஆடுமாடுகளைச் சுடுவேன், வீடுகளை இடிப்பேன் என்று ஊர் ஊராகப் பட்டியல் வாசிக்கிறான், புதிய பெயர்களில். யாருக்கும் புரியவில்லை. ஒவ்வொன்றையும் பழைய பெயரில் திருப்பிச் சொல்ல வேண்டியவன் ஓவன்! எழுதிய கைக்கு எப்படிப்பட்ட தண்டனை! பிறகு லான்சி சேராவிடம் கேட்கிறான், பெயர் என்ன என்று. அவள் வாய் திறக்கிறாள். வரவில்லை. கற்றது போய்விட்டது.

இந்த நாடகம் அயர்லாந்திலும் இங்கிலாந்திலும் பள்ளிகளில் பல ஆண்டுகளாகப் பாடமாக இருந்து வருகிறது. பாடம் என்றால் படித்து, கோனார் உரை பார்த்து, வினாவுக்கு விடை எழுதுவது மட்டுமன்று. ஒரு பிள்ளையை நாற்காலியில் ஓவனாக உட்கார வைத்து மற்றவர்கள் குறுக்கு விசாரணை செய்யலாம்: சம்பளம் பெரிதா, ஊர் பெரிதா? அவன் ஓவனாகவே பதில் சொல்ல வேண்டும். இரண்டு வரிசையாகப் பிள்ளைகள் நிற்க, நடுவே ஓவன் நடப்பான். ஒரு வரிசை 'வாங்கிக்கொள்' என்னும், மறு வரிசை 'வேண்டாம்' என்னும். தம் தெருவின் பெயர்களையே ஒரு குழு மாற்றி எழுத, மற்றக் குழு அந்தப் புதுப் பெயர்களை வைத்து வழி கண்டுபிடிக்கத் திணறலாம்.

இத்தகைய முறைகளை வகுப்பறையில் வேரூன்றச் செய்தவர்களில் ஒருவர் டோரதி ஹீத்கோட் அம்மையார். ஆலைத் தோழர்கள் கவனிக்க! யார்க்‌ஷயரில் 1926-இல் பிறந்து, 14 வயதில் கம்பளி ஆலைக்கு வேலைக்குப் போனவர் அவர். பின்னாளில் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர்களுக்கே ஆசிரியர்! ஆசிரியரும் பாத்திரமாக இறங்கி, பிள்ளைகளோடு நின்று நடிக்க வேண்டும் என்றவர்.

இன்று அயர்லாந்தில் நிலைமை இன்னும் சுவையானது. போலந்திலிருந்தும் நைஜீரியாவிலிருந்தும் பிரேசிலிலிருந்தும் பிழைக்க வந்தோரின் பிள்ளைகள் அந்த வகுப்புகளில் இருக்கிறார்கள். அவர்கள் பெயர் ஐரிஷ் ஆசிரியரின் வாயில் நுழையாது. சுருக்கிக் கூப்பிடத் தோன்றும். அப்போது ரோலண்ட் யார்? லான்சி யார்? நேற்றுப் பெயரை இழந்தவனின் பேரன், இன்று அடுத்தவன் பெயரைச் சிதைக்கும் இடத்தில் நிற்கக்கூடும். இதைப் புத்தகம் சொன்னால் பிள்ளை மறந்துவிடுவான். நாற்காலியில் உட்கார்ந்து அனுபவித்தால் மறக்க மாட்டான்.

நம் நாட்டில் 'உன் பெயர் என்ன, எந்த ஊர், எந்தத் தெரு' என்ற கேள்வி எதற்காகக் கேட்கப்படுகிறது என்று தெரியாதவர் உண்டா? பெயரின் வாலைப் பிடித்துச் சாதியை இழுத்துப் பார்க்கத்தானே! அதனால்தான் 1929-இல் செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாடு, சாதிப்பட்டங்களை விட்டொழிக்கத் தீர்மானித்தது. வால் போயிற்று. 'எந்தத் தெரு' என்ற கேள்வி போயிற்றா? அந்தக் கேள்விக்கு முன் குன்றி நிற்கும் பிள்ளை, சேராவின் உடன்பிறப்பு.

விடுதலை பெற்ற அயர்லாந்து ஐரிஷ் மொழியைப் பள்ளியில் கட்டாயமாக்கியது. 1937 அரசியல் சட்டத்தில் முதல் ஆட்சிமொழி என்று எழுதிவைத்தது. 2022 கணக்கெடுப்பில் 18 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தமக்கு ஐரிஷ் தெரியும் என்றார்கள். கல்விக்கூடத்துக்கு வெளியே நாள்தோறும் பேசுவோரோ ஏறத்தாழ 72,000 பேர்தான்! தேர்வுத் தாளில் மொழி இருக்கிறது, தெருவில் இல்லை. நாமும் 2006-இல் தமிழ் கற்றல் சட்டம் கண்டோம். சரியான சட்டம், பெருமைப்படுகிறோம். ஆனால் மதிப்பெண்ணுக்காக எழுதும் தமிழும், அதிகாரி எதிரே நிமிர்ந்து நின்று பேசும் தமிழும் வேறு வேறு. பின்னதற்கு வாய்ப் பயிற்சி வேண்டும், உடற்பயிற்சி போல. வாரத்தில் ஒரு பாடவேளை; மேடை வேண்டாம், திரை வேண்டாம், ஒரு நாற்காலி போதும். அட்டைக் கிரீடத்துக்கும் வாடகைச் சட்டைக்கும் தகப்பன் தரும் காசும் மிச்சம்!