தேடுசொல்லும் சான்றும்: உயிரியல் முதலாண்டு மாணவர்க்கான தகவல்திறன் பயிற்சி

1. முன்னுரை

கல்லூரியில் உயிரியல் பயிலத் தொடங்கும் மாணவர்க்கு நுண்ணோக்கியைக் கையாளக் கற்பிப்பது போன்றே, நூல்களிலும் ஆய்விதழ்களிலும் தரவுத்தளங்களிலும் வேண்டிய செய்தியைத் தேடவும், கிடைத்ததை எடைபோடவும் கற்பித்தல் வேண்டும். இப்பயிற்சி நூலகத்தாரின் பொறுப்பு என்றே பெரும்பாலும் கருதப்படுகிறது. ஆயின் இதன் அடித்தளம் மொழி சார்ந்தது. இதனைப் புனே நகரச் சூழலை முன்வைத்து இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

2. புனேயின் சூழல்

தாவரவியல் ஆய்வில் புனேக்கு நீண்ட மரபு உண்டு. அந்நகர அறிவியல் கல்லூரியின் முதல்வராக விளங்கிய தியடோர் குக், பம்பாய் மாகாணத் தாவரங்களைத் தொகுத்து எழுதிய நூல் 1901 முதல் 1908 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. இன்று அகர்கர் பெயரைத் தாங்கி நிற்கும் ஆய்வு நிறுவனம் 1946இல் தோன்றியது. 2006இல் இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம் இங்குத் தொடங்கப்பட்டபின், வெவ்வேறு தாய்மொழியினரான மாணவர் முதலாண்டிலேயே ஒரே வகுப்பில் அமர்கின்றனர். வீட்டில் அறிந்த பெயரிலிருந்து ஆங்கிலத் தேடுசொல்லுக்குச் செல்வது இவர்களின் முதல் வேலை. அது மொழிபெயர்ப்பு வேலையே எனலாம்.

3. பெயரும் பொருளும்

வேம்பு பற்றிய செய்திகளைத் திரட்டுமாறு இத்தகைய வகுப்பில் பணிக்கப்பட்டதாகக் கொள்வோம். மராத்தியில் வேம்பு 'கடுலிம்ப' எனப்படும். 'லிம்பூ' என்பதோ எலுமிச்சை. தமிழில் நிலவேம்பு என்பது வேம்பு வகையன்று; அது அகாந்தேசிக் குடும்பத்துச் சிறு செடி. கறிவேப்பிலையைத் தமிழ் வேம்போடு சேர்த்துப் பெயரிட்டது. தாவரவியலார் அதனை எலுமிச்சை அடங்கும் ரூட்டேசிக் குடும்பத்தில் வைத்தனர். மலைவேம்பு மட்டுமே வேம்போடு மீலியேசிக் குடும்பத்தைச் சேர்ந்தது. மக்கள் வழக்குப் பெயரீடு சுவை, இலையமைப்பு போன்றவற்றைத் தழுவியது. அறிவியற் பெயரீடு இன உறவைத் தழுவியது. நிலவேம்பு பற்றிய தமிழ்க் குறிப்பொன்றை வேம்பு எனக் கொண்டு தேடும் மாணவர், வேறொரு தாவரத்தின் மருத்துவ இயல்புகளைச் சான்றாகக் காட்டிவிடுவார். மருந்தாய்வில் இப்பிழை சிறியதன்று.

அறிவியற் பெயரும் மாறாததன்று. 1753இல் லின்னேயசு மீலியா அசாடிராக்டா எனப் பெயரிட்ட வேம்பு, ஜூசியூவால் 1830இல் அசாடிராக்டா இண்டிகா எனப் பெயர்பெற்றது. 1771இல் பெர்கெரா கொயினிகி எனப்பட்ட கறிவேப்பிலை 1825இல் முராயா கொயினிகி ஆயிற்று. அண்மைக்கால ஆய்வாளர் பலர் பழைய பெயருக்கே மீண்டுள்ளனர். ஒரு பெயரால் மட்டும் தேடுவோர்க்கு மற்றப் பெயரில் எழுதப்பட்டவை புலப்படா. இலக்கணம் பயின்றோர் நன்கறிந்த ஒருபொருட் பலசொல், பலபொருள் ஒருசொல் என்னும் இரண்டுமே இங்குத் தேடலின் இடர்களாக நிற்கின்றன.

4. சான்றின் தரம்

தேடிக் கிடைத்தவை யாவும் சான்றாகா. இந்தியப் பல்கலைக்கழக மானியக்குழு ஏற்பளித்த இதழ்ப் பட்டியலைப் புனேப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பூஷண் பட்வர்தன் முதலானோர் ஆராய்ந்து, 2018இல் 'கரண்ட் சயன்ஸ்' இதழில் முடிவுகளை வெளியிட்டனர். பல்கலைக்கழகங்கள் பரிந்துரைத்த இதழ்களுள் ஆராயப்பட்டவற்றில் 88 விழுக்காட்டுக்கு மேற்பட்டவை தரம் குறைந்தவையாக இருக்கக்கூடும் என்பது அவர்தம் முடிவு. முகவரியோ பதிப்பாசிரியர் பெயரோ இன்மை, தாக்கக் காரணி குறித்த பொய்யான கூற்று முதலியன அவர்கள் கண்ட குறைகள். இவற்றுள் பல, முதலாண்டு மாணவரும் சற்றே பயின்றால் கண்டறியக்கூடியவை என்பது கருதத்தக்கது.

இதன்பின் அப்பல்கலைக்கழகத்தின் துணையோடு 2019இல் நடைமுறைக்கு வந்த 'கேர்' பட்டியல் 2025இல் கைவிடப்பட்டது. பட்டியலை நோக்கி நின்றோர் இனித் தாமே எடைபோட்டாக வேண்டும்.

5. பயிற்சியின் படிகள்

மேற்கூறியவற்றால் நான்கு படிகள் பெறப்படும். முதலாவது, வினாவை அதன் கருத்துச் சொற்களாகப் பிரித்தல். இரண்டாவது, வழக்குப் பெயரை உலர்தாவரத் தொகுப்போடோ நம்பத்தக்க தாவர நூலோடோ ஒப்பிட்டு அறிவியற் பெயரை உறுதிசெய்தல். மூன்றாவது, அப்பெயரின் பழைய வடிவங்களையும் சேர்த்துத் தேடுதல். நான்காவது, யார், எங்கு, எவ்வகைச் சோதனையின் அடிப்படையில் கூறினார் என வினவுதல்.

6. முடிவுரை

இப்படிகளுள் முதல் மூன்றும் சொல்லைப் பற்றியவை. இறுதியானதும் கூற்றைப் பற்றியதே. எனவே மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் இப்பயிற்சிக்கு அயலார் அல்லர். தமிழ்க் கலைச்சொல் தொகுப்புகளில் தாவரப் பெயர்க்கு நேராக ஒற்றை ஆங்கிலச் சொல்லைத் தருவதோடு அமையாது, அறிவியற் பெயரையும் அதன் முந்தைய வடிவங்களையும் வட்டார வழக்குகளையும் உடன் தருவது நாம் செய்யத்தக்க முதற்பணி. அத்தகைய தொகுப்பு கைவசம் இருப்பின், நிலவேம்பைத் தேடும் மாணவர் நிலவேம்பையே அடைவார்.