ராம் பத்தலையா, ராம் போச்சா?

இந்த வாரம் வந்த கேள்விகள்ல ஒன்னு: "அண்ணா, என்னோடது 2013 லேப்டாப். 4+4, மொத்தம் 8 ஜிபி ராம். திடீர் திடீர்னு ப்ளூ ஸ்க்ரீன் வருது. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் முழுக்க இதுலதான் இருக்கு. புது ராம் போட்டா சரியாயிடுமா?"

காசு செலவு பண்றதுக்கு முன்னாடி ஒன்னு. ராம் பத்தாம போறது வேற, கெட்டுப் போறது வேற. பத்தலைன்னா மெஷின் ஆமை மாதிரி நகரும், அவ்வளவுதான். ராம் கூட்டினா தீர்ந்துடும்.

கெட்டுப் போன ராம் அப்படி இல்ல. 8 ஜிபின்னா 6,800 கோடி பிட்டுக்கு மேல. அதுல ஒன்னே ஒன்னு பழுதானாலும் போதும். அந்த இடம் இன்னிக்கு ப்ரௌசருக்குப் போகும், நாளைக்கு வீடியோ ப்ளேயருக்குப் போகும், நாளன்னிக்கு விண்டோஸுக்கே போகும். அதனாலதான் ஒவ்வொரு தடவையும் வேற வேற இடத்துல விழுது. ஒரே ஆப் மட்டும் கிராஷ் ஆனா, முதல்ல அந்த ஆப்பைச் சந்தேகப்படுங்க. ஒரே ஜிப் ஃபைல் ஒரு தடவை திறந்து, அடுத்த தடவை எரர் காட்டினா, ராமைச் சந்தேகப்படுங்க.

தம்பி, உங்க ப்ராஜெக்ட்டுக்கு வருவோம். பயத்துல உடனே பேக்கப் எடுக்கத் தோணும். பழைய பேக்கப் மேல மட்டும் எழுதிடாதீங்க! காப்பி ஆகற எல்லாமே ராம் வழியாத்தான் போகுது. நடுவுல ஒரு பிட் மாறினா, மாறினதுதான் சேவ் ஆகும். எந்த எரரும் வராது. ஹார்ட் டிஸ்கைக் கழட்டி, யுஎஸ்பி கேஸ்ல போட்டு, நண்பரோட லேப்டாப்ல காப்பி எடுங்க.

அப்புறம் டெஸ்ட். விண்டோஸ்லயே ஒரு மெமரி டெஸ்ட் இருக்கு, ஆனா நான் மெம்டெஸ்ட்86+ தான் நம்புவேன். இலவசம். பென் டிரைவ்ல ஏத்தி, அதுல இருந்து பூட் பண்ணி, ராத்திரி ஓட விட்டுட்டுத் தூங்குங்க. காலைல எரர் பூஜ்யமா இருக்கணும். 'ரெண்டு மூணுதானே'ன்னு விடக்கூடாது.

எரர் வந்தா ஷட் டவுன் பண்ணி, சார்ஜர், பேட்டரி ரெண்டையும் எடுத்துட்டு, ரெண்டு ஸ்டிக்கையும் கழட்டுங்க. தங்க நிற முனைகளை ரப்பரால மெதுவா தேச்சு, தூளை ஊதிட்டு மாட்டிப் பாருங்க. சில சமயம் இதுலயே கதை முடிஞ்சிடும். முடியலைன்னா, ஒரு நேரத்துல ஒரு ஸ்டிக், ஒரு ஸ்லாட். எரர் ஸ்டிக் கூடவே நகர்ந்தா ஸ்டிக் போச்சு. எந்த ஸ்டிக் போட்டாலும் அதே ஸ்லாட்ல வந்தா பிரச்சினை போர்டு பக்கம். புது ராம் வாங்கினா காசு தண்டம்.

ஸ்டிக்தான்னா, 2013 கொஞ்சம் வில்லங்கமான வருஷம். டிடிஆர்3, டிடிஆர்3எல் ரெண்டும் அப்போ புழக்கத்துல இருந்துச்சு. ரெண்டுக்கும் 204 பின், ரெண்டும் கச்சிதமா உட்காரும். ஆனா முதலாவது 1.5 வோல்ட், ரெண்டாவது 1.35. இன்டெல் நாலாம் தலைமுறை லேப்டாப்னா 1.35 தான் வேணும். மத்ததைப் போட்டா பூட் ஆகாமலே போகலாம். ரிச்சி ஸ்ட்ரீட்ல செகண்ட் ஹேண்ட் வாங்கறீங்கன்னா, லேபிள்ல 'பிசி3எல்'னு இருக்கான்னு பாருங்க. லேப்டாப்பையும் எடுத்துட்டுப் போய் கடையிலயே மாட்டிப் பாருங்க. வீட்டுக்கு வந்ததும் இன்னொரு ராத்திரி மெம்டெஸ்ட். அதுக்கு அப்புறம் ப்ராஜெக்டைத் திறங்க.