வார்டில் கிடைக்காத பாடம்

1996இல் திறக்கப்பட்ட கூலிம் ஹைடெக் பூங்கா, மலேசியாவின் முதல் உயர் தொழில்நுட்பப் பூங்கா. சில்லு ஆலைகளைத் தாண்டிப் பாடாங் சிராய் பக்கம் போனால் செம்பனைத் தோட்டங்கள். தோட்ட மருத்துவ உதவியாளரான பழைய டிரஸ்ஸர் போய்விட்டார், நோய் போகவில்லை.

முக்கியமாக இனிப்பு நீர். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு அது இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடமே அதிகம்.

மருத்துவ மாணவர் மருந்துச் சீட்டு எழுத வார்டிலேயே கற்கலாம். விடியுமுன் வேலைக்குக் கிளம்பும் அம்மா மாத்திரையை எப்போது போடுகிறார், தேநீரில் எவ்வளவு கெட்டிப்பால் ஊற்றுகிறார், கிளினிக்குக்கு அவரை மோட்டாரில் ஏற்றிப்போக யார் இருக்கிறார்கள் என்பதெல்லாம் வீட்டு வாசலில் உட்கார்ந்து பேசினால்தான் தெரியும்.

மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பள்ளி தொடங்கியது 1979இல். அதன் மாணவர்கள் குழுக்களாகக் கிளந்தான் கிராமங்களுக்குப் போய்க் குடும்பங்களைத் தொடர்ந்து கவனித்துப் படித்தார்கள். வேலூர் சி.எம்.சி. முதலாண்டு மாணவர்களைக் கிராமத்திலேயே தங்க வைக்கிறது. இந்தியாவில் 2022 முதல் மருத்துவ மாணவர்கள் குடும்பங்களைத் தத்தெடுக்க வேண்டும் என்பது பாடத்திட்டத்திலேயே வந்துவிட்டது.

கூலிம் இருக்கும் கெடாவிலேயே, 2001இல் ம.இ.கா.வின் கல்விக் கரமான எம்.ஐ.இ.டி. தொடங்கிய ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் செமிலிங்கில் இருக்கிறது. அங்கே மருத்துவம் படிக்கும், தமிழ் தெரிந்த மாணவருக்குத் தோட்டத்தில் பாதி வேலை சுலபம். தெரியாதவருக்குப் பேரன்தான் மொழிபெயர்ப்பாளன். பாட்டி அவன் முன்னால் கருப்பைக் கோளாறைச் சொல்வாரா?

ஒருநாள் ரத்த அழுத்த முகாம் நடத்திப் படம் எடுத்துக்கொண்டு திரும்புவது வீடு தேடிப் போய்க் கற்கும் பயிற்சி ஆகாது. அடுத்த மாதமும் அதே வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். கனடாவின் வட ஒன்டாரியோ மருத்துவக் கல்லூரியில் மூன்றாமாண்டு மாணவர்கள் சிற்றூர்களில் எட்டு மாதம் தங்கிப் படிக்கிறார்கள்.