ஒரு வார்ப்பில் ஆயிரம் பிரதிகள்

சித்தூருக்கும் திருப்பதிக்கும் இடையே காதங்கி என்னும் சிற்றூர் இருக்கிறது. அங்குள்ள தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக் கூடத்தின் ரேடார், 53 மெகாஹெர்ட்ஸ் அலைகளைக் கொண்டு ஆகாயத்தின் காற்றோட்டங்களை அளந்து வருகிறது. அதன் ஏரியல்கள் வரிசைக்கு 32 வீதம் 32 வரிசைகள். ஆக மொத்தம் 1,024. யாவும் ஒரே அமைப்பினவே. ஆயினும் கற்றையை ஒரு பக்கம் சாய்ப்பதற்கு, ஏரியல் நிற்கும் இடத்திற்கேற்ப அலை சற்று முன்பின்னாகப் புறப்பட்டாக வேண்டும்.

இத்தகைய வரிசைக்குரிய மின்சுற்றை, வெரிலாக் என்னும் வன்பொருள் விவரிப்பு மொழியில் எழுதுவதாகக் கொள்வோம். ஒன்றையே 1,024 முறை எழுதுவது சலிப்பூட்டும் வேலை. பிழை நுழைவதற்கும் அதுவே வழி. இதற்காக 2001ஆம் ஆண்டுத் தரநூல் ‘ஜெனரேட்’ என்னும் வசதியை அளித்தது. ஒரு தொகுதியை எழுதி எண்ணிக்கையைக் குறித்துவிட்டால், மொழிபெயர்ப்புக் கருவி அத்தனை பிரதிகளைத் தானே பிறப்பித்துக்கொள்ளும். பிரதிக்குப் பிரதி வேறுபடுவதும், சுற்று இயங்கும்போது மாறாததுமான இட எண் போன்ற அளவுக்குப் ‘பாராமீட்டர்’ என்று பெயர்.

இவ்வளவைத் தூரத்திலிருந்தே, பெயரைச் சுட்டி மாற்ற ‘டெஃப்பேரம்’ என்னும் வாக்கியம் உண்டு. வில்லங்கம் இங்கேதான் பிறக்கிறது. ‘பிரதிகள் 1,024’ என்பதும் ஒரு பாராமீட்டராயிருக்கலாம். 700ஆம் பிரதிக்குள் இருக்கும் வாக்கியம் அதனை 512 ஆக்கிவிட்டால் என்ன நேரும்? 700ஆம் பிரதியே இல்லாமற் போகும். கட்டளையிட்டவன் இல்லையெனில் கட்டளையும் இல்லை. மீண்டும் எண்ணிக்கை 1,024! கருவி எதனை நம்பும்?

இந்தச் சுழலைத் தவிர்க்கவே தரநூல் ஒரு விதியை வகுத்துள்ளது. ஜெனரேட் தொகுதியின் ஒரு பிரதிக்குள் உள்ள டெஃப்பேரம், அப்பிரதிக்குள்ளும் அதன் கீழும் இருப்பவற்றை மாற்றலாம். அதற்கு வெளியே எதனையும் தொடலாகாது. ஒரே சுழற்சியில் பிறந்த அடுத்த பிரதியும் ‘வெளி’யே. ஐந்தாம் பிரதி ஆறாம் பிரதியின் இட எண்ணைத் திருத்த முயல்வது குற்றம். புதிதாகப் பழகுவோர் பெரும்பாலும் தடுக்கி விழுவது இவ்விடத்தில்தான். ஆறாம் பிரதி பக்கத்து வீடு போலத் தோன்றினாலும், அது தனிக் குடும்பம்.

‘லோக்கல்பேரம்’ என்று அறிவித்த அளவையோ எந்த வாக்கியமும் நேரே மாற்ற இயலாது.

ஏரியலின் இட எண்ணை அளிக்க டெஃப்பேரம் தேவையே இல்லை. உட்சுற்றை நிறுவும் வரியிலேயே, சுழற்சி எண்ணைப் பாராமீட்டரின் மதிப்பாகக் கொடுத்துவிடலாம். யார் யாருக்கு என்ன மதிப்பு அளித்தார் என்பது அந்த வரியிலேயே தெரியும். பின்வந்த சிஸ்டம்வெரிலாக் தரநூலும், டெஃப்பேரம் வருங்காலத்தில் நீக்கப்படக்கூடும் என்று எச்சரித்திருக்கிறது.