ஈரமண்ணில் காத்திருக்கும் கொக்கிப்புழு

தென்மேற்குப் பருவமழையின் சாரலில் நனையும் குற்றாலம், தென்காசிப் பகுதியின் நிழல் படிந்த ஈரமண், மனித மலம் கலக்கும் இடங்களில், கொக்கிப்புழுவின் முட்டை பொரிவதற்கு ஏற்றதாகிவிடுகிறது. பொரிந்து வரும் லார்வா என்னும் இளம்புழு, ஏறத்தாழ ஒரு வாரத்தில் தொற்றும் நிலையை எட்டி, வெறுங்காலின் தோலைத் துளைத்து, இரத்தத்தோடு நுரையீரலை அடைந்து, மூச்சுக்குழல் வழியே தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுச் சிறுகுடலில் நிலைகொண்டு, குடற்சுவரைக் கவ்வி இரத்தம் உறிஞ்சுகிறது. வயல்வேலை செய்யும் பெண்களின் இரத்தசோகைக்கு உணவுக் குறைவை மட்டுமே காரணமாகக் கருதுவது பெரும் பிழை. இப்புழு உடலுக்குள் பெருகுவதில்லை. அதன் முட்டைகள் மண்ணை அடைந்தே தீர வேண்டும். ஒற்றைச்செல் உயிரியான அமீபாவோ குடலிலேயே இரண்டாகப் பிரிந்து பெருகி, தடித்த உறைக்குள் ஒடுங்கிய நிலையில் வெளியேறி, குடிநீர் வழியே பிறரைச் சேர்கிறது. 2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாளில் வழங்கப்படும் அல்பெண்டசோல் மாத்திரை குடற்புழுவை நீக்கினாலும், கழிப்பறையும் செருப்பும் இல்லாத இடத்தில் தொற்று திரும்ப வந்துவிடுகிறது.