தலைக்கு மேல் வெயில், காலடியில் வெள்ளம்: அருவியில் தண்ணீர் திடீரென ஏறுவது எப்படி?

2024 மே 17. கோடை விடுமுறை நேரம். பழைய குற்றாலம் அருவியில் குடும்பம் குடும்பமாகக் குளித்துக்கொண்டிருந்தார்கள். திடீரென காட்டாற்று வெள்ளம் பாய்ந்து வர, அலறியடித்து ஓடினார்கள். 17 வயது சிறுவன் ஒருவன் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தான். அந்த வீடியோவை நம்மில் பலரும் செல்போனில் பார்த்திருப்போம்.

இதுபோல ஒவ்வொரு முறை நடக்கும்போதும் வரும் கேள்வி ஒன்றுதான். "இங்க பெரிய மழையே இல்லையே, இவ்வளவு தண்ணி எங்கிருந்து வந்துச்சு?"

பதில் எளிது. அருவிக்கு வரும் தண்ணீர் அருவியில் பெய்த மழை அல்ல. அதற்குப் பின்னால், நம் கண்ணுக்குத் தெரியாத மலையில் பெய்த மழை.

மலை ஒரு பெரிய புனல்

மண்ணெண்ணெய் ஊற்றும் புனலை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே அகலம், கீழே சின்ன வாய். மலையில் உள்ள ஓடைகள் எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்து, கடைசியில் ஒரே பாறை இடுக்கு வழியாகத்தான் இறங்க வேண்டும். அந்த இடுக்கில்தான் நாம் குளிக்க நிற்கிறோம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். அருவிக்கு மேலே 10 சதுர கிலோமீட்டர் நீர்ப்பிடிப்புப் பகுதி இருக்கிறது, அங்கே ஒரு மணி நேரத்தில் 5 செ.மீ. மழை கொட்டுகிறது என்று வைத்துக்கொண்டால், விழுந்த தண்ணீர் மட்டும் 50 கோடி லிட்டர். அதில் பாதியை மண்ணும் மரமும் உறிஞ்சிக்கொண்டாலும் மீதி 25 கோடி லிட்டர் கீழே வந்தாக வேண்டும். சரிவு செங்குத்தாக இருப்பதால் அது தேங்கி நிற்காது. ஏற்கெனவே இரண்டு நாள் மழையில் மண் ஊறிப்போயிருந்தால், உறிஞ்சுவதும் குறைந்துவிடும். அதனால்தான் முதல் நாள் மழைக்கு அசையாத அருவி, மூன்றாம் நாள் அதே அளவு மழைக்குப் பொங்கிவிடுகிறது.

இடுக்கில் என்ன நடக்கிறது?

மேகதாது என்ற பெயர் நமக்கு அணை விவகாரத்தால் பழக்கம். கன்னடத்தில் அதற்கு 'ஆடு தாண்டுவது' என்று பொருள். தமிழில் 'ஆடு தாண்டும் காவிரி' என்பார்கள். ஆடு ஒரு கரையிலிருந்து மறுகரைக்குத் தாண்டிவிடும் அளவுக்கு அங்கே காவிரி குறுகிவிடுகிறதாம். ஆடு தாண்டியதோ இல்லையோ, விஷயம் உண்மை. அவ்வளவு பெரிய நதி, கெட்டியான பாறையில் உள்ள விரிசலைப் பிடித்து அறுத்து அறுத்து, ஆழமான பள்ளத்துக்குள் போய்விட்டது.

100 அடி அகலத்தில் வந்த தண்ணீர் 10 அடி இடுக்குக்குள் நுழைந்தால் இரண்டே வழிதான். ஒன்று வேகம் கூட வேண்டும், இல்லையென்றால் மட்டம் உயர வேண்டும். பெரும்பாலும் இரண்டுமே நடக்கும். சமவெளி ஆற்றில் ஒரு சாண் ஏறும் தண்ணீர், பாறை இடுக்கில் ஆள் உயரத்துக்கு மேல் ஏறிவிடும்.

"முழங்கால் தண்ணி தானே" என்று நினைப்பதுதான் ஆபத்து. தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால், அது நம் காலில் தரும் தள்ளு விசை நான்கு மடங்காகும். வேகமாக ஓடும் தண்ணீர் அரை அடி ஆழம் இருந்தாலே பெரியவர் ஒருவரைக் கீழே தள்ளிவிட முடியும். அடியில் பாசி பிடித்த பாறை வேறு.

குற்றாலம் வேற, ஒகேனக்கல் வேற

வெள்ளம் இரண்டு விதமாக வரும். நாம் போகும் இடம் எந்த வகை என்று தெரிந்துகொள்வதுதான் முக்கியம்.

குற்றாலம், பெரியகுளம் அருகே உள்ள கும்பக்கரை எல்லாம் மழையை நம்பிய அருவிகள். கும்பக்கரைக்குத் தண்ணீர் கொடைக்கானல் மலையிலிருந்து வருகிறது. அங்கே மழை என்றால், கீழே வெயில் அடித்தாலும் வனத்துறை குளிக்கத் தடை போட்டுவிடும். வந்தவர்கள் முணுமுணுப்பார்கள். ஆனால் இந்த வகை அருவிகளில் எச்சரிக்கைக்குக் கிடைக்கும் நேரம் சில நிமிடங்கள்தான் என்பதால், முன்கூட்டியே தடை போடுவதைத் தவிர வேறு வழியில்லை. 'குளிக்கத் தடை' என்ற பலகையோடு, மேலே மழை பெய்கிறது என்ற காரணத்தையும் எழுதி வைத்தால் முணுமுணுப்பு பாதியாகக் குறையும் என்பது நம் கருத்து.

குற்றாலம் மெயினருவியில் ஒரு வசதி உண்டு. மேலிருந்து விழும் தண்ணீர் முதலில் 'பொங்குமாங்கடல்' என்ற ஆழமான பாறைக் குழியில் விழுந்து, வேகம் தணிந்து, பிறகுதான் நம் தலையில் விழுகிறது. ஆனால் வெள்ளம் வந்தால் இதுவும் தாங்காது. பாதுகாப்பு வளைவையே தாண்டித் தண்ணீர் கொட்டும் காட்சியைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள்.

ஒகேனக்கல் கதை வேறு. அங்கே காவிரியின் அளவைப் பெரும்பாலும் தீர்மானிப்பது கர்நாடகத்தின் கபினி, கிருஷ்ணராஜ சாகர் அணைகளில் திறக்கப்படும் தண்ணீர். அது மலையும் பள்ளத்தாக்கும் தாண்டி வந்து சேர நேரம் பிடிக்கும். வழியில் தமிழக எல்லையான பிலிகுண்டுலுவில் மத்திய நீர் ஆணையம் அளவு எடுக்கிறது. தினமும் செய்தியில் வரும் 'ஒகேனக்கல் நீர்வரத்து இத்தனை ஆயிரம் கனஅடி' என்பதை ஏதோ விவசாயிகளுக்கான தகவல் என்று தள்ளிவிடாதீர்கள். பரிசல் ஏறப் போகும் உங்களுக்கும் அதுதான் எச்சரிக்கை.

கனஅடி என்றால் எவ்வளவு? வினாடிக்கு 1 கனஅடி என்பது சுமார் 28 லிட்டர். 1 லட்சம் கனஅடி என்றால் ஒவ்வொரு வினாடியும் 28 லட்சம் லிட்டர். 12 ஆயிரம் லிட்டர் தண்ணீர் லாரிகள் 230-க்கும் மேல், ஒவ்வொரு வினாடியும் கொட்டுவதற்குச் சமம். 2024 ஜூலை கடைசியில் இப்படி லட்சம் கனஅடியைத் தாண்டி வந்த தண்ணீரில்தான், ஜூலை 30-ம் தேதி மேட்டூர் அணை முழுக் கொள்ளளவான 120 அடியை எட்டியது. அந்த அளவு வரும்போது ஒகேனக்கலில் அருவி என்ற ஒன்றே கண்ணுக்குத் தெரியாது. பாறையெல்லாம் மூழ்கி, ஒரே வெள்ளக்காடாகிவிடும்.

அதற்காக அணை எண்ணை மட்டும் நம்பிவிடவும் முடியாது. அணைக்குக் கீழே உள்ள காட்டில் பெய்யும் மழையும் அர்க்காவதி போன்ற துணை ஆறுகளும் அந்த இரண்டு அணைகளின் மதகுகளுக்குக் கட்டுப்பட்டவை அல்ல.

தண்ணீரே சொல்லும் அறிகுறிகள்

தெளிவாக இருந்த தண்ணீர் செம்மண் நிறமாகக் கலங்கினால், உடனே வெளியேறுங்கள். சருகு, சுள்ளி, நுரை மிதந்து வருவதும் அதே செய்திதான். மலையில் எங்கோ ஓடைக் கரையைத் தண்ணீர் கழுவத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். சத்தம் மாறுவதையும் கவனியுங்கள். சலசலப்பு போய், லாரி வருவது போல ஒரு உறுமல் கேட்டால் செருப்பையும் பையையும் தேடிக்கொண்டிருக்காதீர்கள்.

எந்தப் பக்கம் ஓடுவது? ஆற்றின் போக்கிலேயே ஓடக் கூடாது. தண்ணீர் உங்களை முந்திவிடும். பக்கவாட்டில், அருகில் உள்ள கரையில், முடிந்தவரை மேடான இடத்துக்கு ஏறுங்கள். ஆற்று நடுவில் இருக்கும் பாறை உயரமாக இருக்கிறதே என்று அதில் ஏறினால், சுற்றிலும் தண்ணீர் சூழ்ந்து அங்கேயே மாட்டிக்கொள்வீர்கள்.

நீச்சல் தெரிந்தவர்களுக்குத் தனியாக ஒன்று. அருவி விழும் இடத்தில் வெள்ளையாக நுரைக்கும் தண்ணீரில் காற்று கலந்திருக்கும். அதற்கு அடர்த்தி குறைவு என்பதால் உடல் சரியாக மிதக்காது. அதோடு, விழும் தண்ணீர் அடியில் போய்ச் சுழன்று மறுபடி அருவிக்கே இழுக்கும். கிணற்றில் குதித்துப் பழகிய கை அங்கே உதவாது. கூழாங்கல் சுழன்று சுழன்று உரல் போலக் குடைந்த குழிகளும் பாறையில் இருக்கும். போன வருஷம் மணல் மூடியிருந்த குழி இந்த வருஷம் ஆளை விழுங்கும் ஆழத்தில் இருக்கலாம். போன முறை குதித்த இடம் என்று மறுபடி குதிக்காதீர்கள்.

பரிசலில் போனால் லைஃப் ஜாக்கெட்டின் வார்களை இறுக்கிக் கட்டுங்கள். போட்டோவுக்காகக் கழற்ற வேண்டாம். யாராவது சிக்கிக்கொண்டால் பின்னாலேயே குதிக்காமல் கயிறு, துப்பட்டா, நீளமான கம்பு எதையாவது கரையில் நின்றபடி வீசுங்கள். அவசர உதவிக்கு 112, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077. பல மலையிடுக்குகளில் சிக்னல் கிடைக்காது என்பதால், கீழே இறங்கும் முன்பே செக்போஸ்டில் இருப்பவரிடம் "மேல மழை இருக்கா அண்ணே?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.